கச்சா எண்ணெய் இல்லாமல் பெட்ரோல்

இன்று பாலாநகர் ஆபீசில் ஒரு சாஃப்ட்வேர் டெமோ. சுத்திகரிப்பு ஆலையில் எந்தக் கச்சா எண்ணெயைச் செலுத்தினால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டுமாம். சென்னையிலிருந்து விற்க வந்தவர் வார்த்தைக்கு வார்த்தை "ரொம்ப ஈஸி சார்" என்றார்.

அதில் தினமும் திட்டம் போடப்போவது நான். வாங்கும் முடிவு எங்கள் செகந்திராபாத் தமிழ் மேனேஜருடையது. அவர் அதைத் தொடக்கூடப் போவதில்லை.

நான் மவுஸை வாங்கிக் கச்சா எண்ணெயின் அளவைப் பூஜ்யமாக்கினேன். திரையில் பச்சை டிக் விழுந்தது. பெட்ரோலும் டீசலும் முன்பு காட்டிய அளவிலேயே நின்றன.

"எண்ணெயே இல்லாம பெட்ரோல் எங்கேர்ந்து வருது?"

"எரர் காட்டினா யூசர்ஸ் பயந்துடறாங்க சார். அதான் எடுத்துட்டோம். பழைய ரிசல்ட்டே நிக்கும்."

மேனேஜர் என்னை முறைத்து, உருது கலந்த தமிழில் ஆரம்பித்தார். "கைக்கு பா, எதுக்கு இத்தனை கேள்வி? உன் பழைய சாஃப்ட்வேர் எப்பப் பாத்தாலும் சிவப்பா எரர் காட்டுது. அந்தத் தலைவலி நக்கோ, வேணவே வேணாம்."

போன மழைக்காலத்தில், ஆலைக்கு ஒத்துவராத எண்ணெயை அவர் வாங்கவிருந்தபோது தடுத்ததே அந்தச் சிவப்புதான்.

ஆர்டர் போட்டாகிவிட்டது.

வண்டிக்குப் பெட்ரோல் வேண்டியவர்கள் கமெண்டில் வரிசையாக நில்லுங்கள். ஆளுக்கு ஒரு பச்சை டிக் ஊற்றி அனுப்புகிறேன்.