அவள் சோறு எங்கே போனது

என் மனைவியை ஹைதராபாத் குகட்பள்ளியில் அல்சைமர் நோயாளிகளுக்கான இல்லத்தில் சேர்த்த மூன்றாம் மாதம், அவள் கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அவள் சாப்பாட்டை யாரோ தின்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். ஒரு போல்ட் குறைந்தாலும் முதலில் ஆளைத்தான் பார்ப்பேன், பிறகுதான் அலமாரியை.

சந்தேகம் அவளைக் கவனிக்கும் ஆயா மேல். இல்லத்தில் நாலு மணிக்குத்தான் பார்க்க விடுவார்கள். நான் கொண்டுபோகும் பன்னை என் மனைவி அவக் அவக்கென்று விழுங்குவாள். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டவள் இப்படியா தின்பாள்? சத்துமாவு டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மாவு குறைந்தால் ஆயா குடித்துவிட்டாள், குறையாவிட்டால் இவளுக்குக் கொடுக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் திருடி அவள்தான்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். ஆயா தெலுங்குக்காரி, எங்களைப் போன்ற தமிழர்களிடம் பேசிப் பேசி ஓட்டைத் தமிழ் பழகியிருந்தாள்.

"அம்மாதான் நக்கோ, வேணாங்குது சார். தட்டு வெச்சா கண்ணு மூடிக்குது. ஊட்டினா வாய் தெறக்கல. அரை மணி பாத்துட்டு எடுத்துடுவேன்."

"நல்லா கதை விடறே! நாளைக்கு மத்தியானம் நானே வந்து உக்காந்து பாக்கறேன். அப்புறம் இருக்கு உனக்கு."

மேனேஜரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கி, மறுநாள் பன்னிரண்டரைக்கே போய் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஆயா சோறு, பருப்பு, முட்டை எல்லாம் ஒழுங்காகவே வைத்தாள். என் முன்னால் நாடகம் போடுகிறாள் என்று நினைத்தேன். மனைவி தட்டைப் பார்த்தாள். மடியில் கை கோத்து, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார், தூங்கிட்டாங்க."

அவள் தூங்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டில் ஜெபம் சொல்லாமல் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை. சொல்வது நான், ஆமென் சொல்வது அவள். பன்னுக்கும் டீக்கும் ஜெபம் கிடையாது. என் பெயரை மறந்தவள் இதை மறக்கவில்லை. இவளை இங்கே விட்டுப்போன நாளோடு, ஆண்டவர் மேலிருந்த கோபத்தில், நான்தான் ஜெபத்தையே விட்டிருந்தேன். இப்படி ஒரு வழக்கம் இருப்பதை இங்கே ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். எப்படியோ முடித்தேன். "ஆமென்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டு அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"அய்யோ, இத்தனை நாள் பட்டினி போட்டுட்டேனே சார்!" என்று ஆயா அழுதுவிட்டாள்.

"நீ போடலம்மா. நான் போட்டேன்."

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, யார் இந்த ஆளு? வந்ததிலேருந்து என் தட்டையே பாத்துட்டு இருக்கான். இவனை வெளிய போகச் சொல்லு. நான் சாப்பிடணும்."

ஆயா என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.