கால் இஞ்சு விட்டு வெட்டியவர்

மனோஜ் கூப்பிட்டபோது நான் கடையில் ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணாச்சி, அக்கா எறந்துட்டாவ" என்றான். மனோஜ் பீகார்க்காரன், பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். திருப்பூரை ஒட்டிய மங்கலத்தில் பிறந்து வளர்ந்த என்னை அவன் அண்ணாச்சி என்று கூப்பிடுவதும், திருப்பூரே 'எறந்துட்டாங்க' என்று சொல்வதை அவன் 'எறந்துட்டாவ' என்று சொல்வதும் அதே கம்பெனியில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் பிலோமினா அக்காவிடம் தமிழ் படித்ததால் வந்தவை. அக்கா போன செய்தி அக்காவின் பேச்சிலேயே எனக்கு வந்து சேர்ந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். கையில் இருந்த கம்பி அறுந்துவிட்டது. மோட்டாரை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் அவரோடு சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு அவர் பேட்டர்ன் மாஸ்டர், அதாவது எந்தத் துணியும் கத்தரிக்குப் போகும் முன் அதன் அளவை அட்டையில் வெட்டிக் கொடுப்பவர். இன்னும் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாமளாபுரத்தில் எங்களோடு ரிமோட்டில் ஓடும் சின்ன வண்டிகளை ஓட்டியவர்கள். உங்களுக்கு அவர் லாரி அக்கா. இரண்டு கூட்டமும் கல்லறைத் தோட்டத்தில்தான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்த்தன. அந்தப் பேட்டர்ன் மாஸ்டரும் இந்த லாரி அக்காவும் ஒரே ஆள்தான் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது என் கடையில். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டியைப் பிரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருகாணி முடுக்கி, ஒரு லாரியின் அடிச்சட்டத்தை அவரே பூட்டி எடுத்து வந்திருந்தார். முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. நிஜ லாரிக்கு உள்ளதுபோலவே பட்டை ஸ்பிரிங், கியர் பெட்டி, பின்னால் இரட்டைச் சக்கரம் எல்லாம் இருந்தன. ரிமோட் ரேஸ் கார்களை மட்டுமே தொட்டுப் பழகிய எனக்கு அது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது. "கொழந்தைக்கு எத்தன வயசுங்கக்கா?" என்று கேட்டேன். "அம்பத்தி மூணு" என்றார். சிரிக்கவும் இல்லை. பிறகு, "வேகம் வேண்டாம் தம்பி. இழுவை வேணும். சுத்தக் கூட்டிக் கட்டித் தாங்க" என்றார். கம்பிச் சுற்றைக் கூட்டினால் மோட்டார் மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும். அதை விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

எதற்கு இழுவை என்று கேட்டதற்கு அன்றே கதையைச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவர் குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்க வந்தது ஓர் உப்பு லாரியில். வழியில் ஒரு மேட்டில் லாரி மூச்சுமுட்டி நின்றுவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளைகள், பாத்திர மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, எல்லாரையும் பின்னால் நின்று தள்ளச் சொல்லியிருக்கிறார் டிரைவர். புதிய ஊருக்குத் தள்ளிக்கொண்டே வந்தோம் என்று பிற்பாடு அவர் வீட்டில் எல்லாரும் அதைச் சிரிப்பாகச் சொல்வார்களாம். அக்காவுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. "ஒரு லாரி, முழு லோடோட, ஒருத்தரும் கை வைக்காம மேடு ஏறணும். அத நான் பாக்கணும். அவ்வளவுதான்" என்றார். ஆசையைச் சொல்வதுபோல இல்லை, ஆர்டர் எடுத்துவிட்டேன், தேதிக்குள் அனுப்பியாக வேண்டும் என்று சொல்வதுபோல இருந்தது.

பெட்டியில் வந்த வெளிநாட்டுப் பிளாஸ்டிக் டிரைவர் கூண்டை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அதில் ஸ்டியரிங் இடதுபக்கம் இருந்தது. எதிரே வருகிறவன் மேல் ஏற்றுவதற்கா என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார். நம் ஊரில் சேஸை, அதாவது வெறும் அடிச்சட்டத்தை, வாங்கிப் பாடி கட்டுவதுபோலத் தானே கட்டுவதாக முடிவு. கம்பெனிக்கு நூல் மூட்டை கொண்டுவரும் லாரியை, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து அளந்திருக்கிறார். லாரிக்குச் சட்டை தைக்கப் போகிறீர்களா என்று டிரைவர் கேட்டாராம். பெரியவர் சைஸிலிருந்து குழந்தை சைஸுக்கு அளவை இறக்குவது அவருக்குத் தினப்படி வேலை. லாரியையும் அப்படியே இறக்கினார். முதலில் பேட்டர்ன் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, என் கடை மேஜையில் வைத்து ஒட்டினோம். அத்தனை அழகாக இருந்தது. தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்தால், கூண்டு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. சக்கரங்கள் உள்ளே ஒடுங்கிக்கொண்டன, பெரிய வயிறும் ஒல்லிக் காலுமாக.

அளந்து பார்த்தேன். பக்கத்துக்குக் கால் இஞ்சு கூட இருந்தது. அவர் அட்டையை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "துணின்னு நெனச்சு தையலுக்கு விட்டுட்டேன் தம்பி." விஷயம் அதுதான். எந்தத் துண்டை வெட்டினாலும் தைத்து மடிவதற்கு ஓரத்தில் கால் இஞ்சு விட்டு வெட்டி வெட்டிப் பழகிய கை, விளிம்போடு விளிம்பு ஒட்டுகிற பிளாஸ்டிக்குக்கும் கால் இஞ்சு விட்டிருந்தது. திருப்பூரைத் தவிர வேறு எந்த ஊரிலும் ஒரு லாரிக்கு இந்தத் தப்பு நடந்திருக்காது.

எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். பிளேடை எடுத்து வெட்டப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வெட்டாதிய. வெட்டுனா திரும்ப வராது. தையலுக்கு எதுக்கு விடுதோம்? பின்னால பிரிச்சு விடதுக்கும் சேத்துத்தான்." உடம்பு பெருத்தால் சட்டையைப் பிரித்துவிடலாம், லாரி என்ன தீபாவளிக்குத் தீபாவளி பெருக்குமா என்று கேட்டேன். அவர் லோடு ஏற்றும் பின் பாடியையும் அதே அகலத்துக்கு வெட்ட ஆரம்பித்தார். அவர் வேலை பார்க்கும் இடத்திலும் இதே கதைதான் என்று பிற்பாடு கல்லறைத் தோட்டத்தில் சாம்பிள் பிரிவு ஆட்கள் சொன்னார்கள். யாராவது துணியைத் தப்பாகப் பெரிதாக வெட்டிவிட்டால் திட்ட மாட்டாராம், அதிலிருந்து வேறு ஏதாவது எடுத்துவிடுவாராம். சின்னதாக வெட்டியவருக்குத்தான் அன்று முழுக்க அர்ச்சனையாம்.

சாமளாபுரத்தில், எங்களோடு வண்டி ஓட்டும் ஈஸ்வரனின் தறிக்கூடத்துக்குப் பின்னால், கிணறு வெட்டியபோது கொட்டிய மண் மேடாகக் கிடக்கிறது. நாங்கள் ஓட்டும் இடம் அதுதான். மேட்டில் ஏறும் தடம் பாதியில் வளைந்து, கிணற்றுப் பக்கமாகச் சரியும். அக்காவின் லாரி அந்த வளைவு வரை கம்பீரமாகப் போகும். லோடு என்னவென்று நினைக்கிறீர்கள்? பனியன் வேஸ்ட். நம் ரோடுகளில் எந்நேரமும் பார்க்கிறோமே, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, முன்னால் போகிற வண்டியையே மறைத்துக்கொண்டு போகும் கட்டிங் வேஸ்ட் லோடு, அதேபோல. வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளை அமுக்கி அமுக்கி நிரப்பி, தொப்பி வைத்த சட்டைகளுக்குக் கோக்கும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். வளைவில் உயரமான லோடு ஒரு பக்கம் சாயும், ஒரு சக்கரம் தூக்கும், லாரி பக்கவாட்டில் கவிழ்ந்து விழும். ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து.

விழுவதற்கு முன் தாங்கிப் பிடிக்க யாருடைய கையாவது நீளும். பெரும்பாலும் என் கைதான். "கை வைக்காதிய" என்று மேட்டுக்குக் கீழேயிருந்து அக்காவின் சத்தம் வரும். விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தவும் கை வைக்கக் கூடாது, இன்னொரு வண்டியில் கயிறு கட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்று சட்டம் போட்டார். என்னுடைய ரேஸ் காரைக் கடைசியில் பழுதுவண்டி இழுக்க வைத்துவிட்டார். கூண்டின் நெற்றியில் பெயர் எழுதுவதற்கு ஒரு பலகை வைத்து, நீலப் பெயின்ட் அடித்துக் காலியாக விட்டிருந்தார். உள்ளே அவர் ஒரு சின்னச் சிலுவை தொங்கவிட, முன் பம்பரில், அவரோடு ஓட்ட வரும் மனோஜ் பாசிமணியில் கோத்த எலுமிச்சையும் மிளகாயும் கட்டினான். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பெயர் மட்டும் எழுதவிடவில்லை. "ஏறட்டும். ஏறுன வண்டிக்குத்தான் பேரு" என்பார். லோடைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று ஈஸ்வரன் சொன்னபோது, அவரை இரண்டு வாரம் அக்கா சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

நல்லடக்கம் முடிந்த பிறகு, அவர் கணவர் சேவியர் அண்ணன் லாரியை ஒரு பனியன் துணியில் சுற்றி எடுத்துவந்து எங்களிடம் கொடுத்தார். வேஸ்ட் லோடு அப்படியே கட்டியிருந்தது. அன்று எல்லாருக்கும் மனசு இளகிக் கிடந்தது. அக்காவின் பெயரையே பலகையில் எழுதி, மாலை போட்டு, தறிக்கூடத்தில் வைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. ஈஸ்வரன், "ஏனுங்க, லோட எறக்கிப்போட்டு ஒருக்கா ஏத்திக்கலாமுங்க. ஏறுனாப்புல ஆச்சு. யாருக்குங்க தெரியும்?" என்றார். பாசத்தில் சொன்னதுதான். எனக்கு வந்ததே கோபம். அக்காவுக்குத் தெரியும் என்று கத்தினேன். முழு லோடோடு ஏறாமல் அந்த லாரிக்குப் பெயரும் கிடையாது, மாலையும் கிடையாது என்று சொன்னேன். இறந்துபோனவருக்காக லோடைக் குறைப்பது மரியாதை இல்லை. அவர் இருக்கும்போது என்ன கேட்டாரோ அதைச் செய்வதுதான் மரியாதை.

அடுத்த ஞாயிறு முழு லோடோடு ஏற்றினோம். விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறும் விழுந்தது. மோட்டாரை இன்னும் சுற்றுக் கூட்டிக் கட்டினேன், ஸ்பிரிங்கை இறுக்கினேன், டயரை மாற்றினேன். இழுவையில் குறையே இல்லை. சக்கரங்களுக்கு இடையே அகலம்தான் போதவில்லை. மனோஜ் விழுந்த வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டயருக்கும் பாடியின் ஓரத்துக்கும் நடுவே தன் சுண்டுவிரலை விட்டான். நுனி அழகாக நுழைந்தது. "அண்ணாச்சி, இங்கன இடம் கெடக்கு" என்றான். பிறகு, "அக்கா விட்ட இடம். பிரிச்சு விடுவோமா?" என்றான்.

நான் சட்டத்தின் அகலத்தையே பார்த்துப் பார்த்து, அதற்கு வெளியே சக்கரத்துக்கு இடம் கிடையாது என்று முடிவு கட்டிவிட்டிருந்தேன். சரியான அளவில் கூண்டு வெட்டியிருந்தால் அது நிஜம். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு லாரி லாரியாகவே இருந்திருக்காது. நான் பிளேடை வைத்திருந்தால் அந்த இடமே இருந்திருக்காது. அக்கா இதைத் தெரிந்துதான் விட்டுவைத்தாரா, அல்லது வெட்ட மனசில்லாமல்தான் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இனி வழியில்லை. பல்லடத்தில் ஒரு லேத்தில் பக்கத்துக்குக் கால் இஞ்சு கனத்துக்கு வளையங்கள் கடைந்து வாங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் கொடுத்துப் பூட்டினோம். சக்கரங்கள் பாடியின் ஓரத்துக்கு நேராக வந்து நின்றன. அந்த லாரியின் கால் வயிற்றுக்கு ஏற்றதாக இருந்ததை அன்றுதான் பார்த்தோம்.

ரிமோட் மனோஜ் கையில். சேவியர் அண்ணன் கிணற்றுச் சுவரோரம் நின்றார். நான் தடத்தை ஒட்டி நடந்தேன். வளைவில் லோடு வழக்கம்போலக் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. பின் சக்கரம் மண்ணை விட்டுத் தூக்கியது. என் கை என்னைக் கேட்காமலே போய்விட்டது. "கை வைக்காதிய அண்ணாச்சி" என்று கீழேயிருந்து மனோஜின் சத்தம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சக்கரம் அந்தரத்தில் நின்றது, மெல்ல இறங்கி மண்ணைப் பிடித்தது. மனோஜ் கியரைக் குறைத்தான். பிலோமினா அக்காவின் லாரி, முழு லோடோடு, ஒருவர் கையும் படாமல் மேட்டின் உச்சிக்குப் போய் நின்றது.

நாங்கள் கைதட்டினோம். சேவியர் அண்ணன் தட்டவில்லை. "ஏறுனது சரி. எறங்கணும்லா. அவ இருந்தா இப்பம் தட்ட விடமாட்டா" என்றார். அதுவும் சரிதான். லாரி திரும்பி, அதே வளைவில் இறங்கி, அவர் காலடியில் வந்து நின்ற பிறகுதான் அவர் உட்கார்ந்து அழுதார். நாங்களும் அழுதோம். நீலப் பலகையில் மனோஜ் பெயரை எழுதினான். பேட்டர்ன் அட்டைகளில் 'முன்', 'பின்', 'கை' என்று அக்கா எழுதியதைப் பார்த்துத் தமிழ் எழுத்துப் பழகியவன். 'பிலோமினா' என்ற பெயருக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டே எழுதியிருக்கிறான்.

லாரி சேவியர் அண்ணனிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அக்காவின் ஒரு பழக்கம். செய்தி வந்த அன்று கம்பி அறுந்து பாதியில் கிடந்த அந்த மோட்டாரை, ஒட்டுப்போட்டுக் கொடுத்தால் போதும் என்றுதான் அதன் சொந்தக்காரர் அவசரப்படுத்தினார். முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். இரண்டு முனையிலும் கம்பியை எப்போதும்போல ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் நீளமாக விட்டேன். இவ்வளவு எதற்கு விட்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். பின்னால் வேண்டியிருக்குமுங்க என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.