குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்

எந்தக் கதவைக் கடந்தாலும் அத்தை முதலில் இடது உள்ளங்கையைக் கீல் பக்கத்து இடுக்கில் வைப்பாள். பிறகு குனிந்து, முழங்கால் உயரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பாள். அதற்கப்புறம்தான் வலது கை கதவைச் சாத்தும். இடது கை கடைசி நொடியில் விலகும். வீட்டுக் கதவு, மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவு, கல்யாண மண்டபத்துக் குளியலறைக் கதவு என்று எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. அவள் குழந்தைகள் காப்பகம் தொடங்கிய முதல் மாதம் ஒரு மூன்று வயதுக்காரியின் சுண்டுவிரல் அந்த இடுக்கில் மாட்டியது. நகம் விழுந்து, மூன்று மாதத்தில் புது நகம் முளைத்தது. குழந்தை மறந்துவிட்டாள், அவள் அம்மாவும் மறந்துவிட்டாள். அத்தையின் கைக்கு மட்டும் மறதி வரவில்லை.

அவளை அத்தை என்று முதலில் கூப்பிட்டது எந்தக் குழந்தை என்று அவளுக்கே நினைவில்லை. பிறகு அம்மாக்கள் கூப்பிட்டார்கள். இப்போது கரண்டு கணக்கெடுக்க வருகிறவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். தையல் மெஷின் ரிப்பேர்க் கடை ஒன்றின் மாடியில், இரண்டு அறைகளில், ஒன்பது வருடமாகக் காப்பகம் நடக்கிறது; அவள் வீடும் அதுதான். பதினோரு குழந்தைகள், ஒன்றுக்கும் நாலு வயது நிரம்பவில்லை. விடிவதற்குள் பஸ் கண்டக்டர் தன் மகனைத் தூக்கத்தோடு கொண்டுவந்து போட்டுவிட்டு முதல் வண்டிக்கு ஓடுவாள். நர்ஸுக்கு டூட்டி எப்போது முடிகிறதோ அதுவரை அவள் மகள் அத்தையின் மடியில். அத்தையின் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதம் இரண்டு தடவை வந்து, காலையில் கண் விழித்தால் தன்னைச் சுற்றி யார் யாரோ உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

இந்தக் காப்பகத்துக்கு ஒரு நாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒற்றைப் படிக்கட்டு உள்ள மாடியில் சின்னக் குழந்தைகளை வைத்திருக்கக் கூடாது. தொண்ணூறு நாளில் கீழ்த்தளத்துக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். அத்தைக்கு அதில் கோபமில்லை. தீ என்று ஒன்று வந்தால் பதினோரு பேரை எத்தனை நடையில் இறக்குவது என்று அவளே பல தடவை மனசுக்குள் இறக்கிப் பார்த்தவள்தான். அதிர்ஷ்டம், கீழே ரிப்பேர்க் கடைக்காரர் காலி செய்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். குழந்தைகள் உட்காரும் உயரத்தில் கழிப்பறை கட்ட வேண்டும், தெருப்பக்கம் கம்பிக்கதவு போட வேண்டும். கையில் இருந்தது கம்பிக்கதவின் பூட்டுக்குத்தான் காணும்.

வங்கி மேனேஜர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். கடன் ஒன்றைத்தான் கொடுக்கவில்லை.

"ஈடு என்னம்மா இருக்கு?"

"பதினோரு குழந்தைங்க இருக்காங்க சார். ஆனா சாயங்காலம் அவங்கம்மா வந்து மீட்டுக்கிட்டுப் போயிடுவாங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை, சிரிக்கிற அதிகாரம் அவர் கிளைக்கு வழங்கப்படவில்லை போலும். மேஜை இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு தாளை எடுத்து நீட்டினார். குழந்தைகள் காப்பகத் தொழிலுக்கு மானியம். திருப்பிக் கட்ட வேண்டாம். அதன் மேல்பாதியில் சலவைக்குப் போய் வந்த மாதிரி ஒரு குழந்தை மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை; தினமும் இரண்டு கையெழுத்து. ஆறு கையெழுத்தும் இருந்தால்தான் விண்ணப்பப் படிவம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பங்கேற்பாளர்கள் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் அதை இரண்டு தடவை படித்தாள்.

"மீன்காரங்களுக்குக் கூட்டம் போட்டு, மீன் நாத்தத்தோட வராதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கே அண்ணி."

"வாய மூடு. மூணு நாள் லீவு போடுவியா, மாட்டியா?"

"ரெண்டு நாள் போடறேன். மூணாவது நாள் எங்க முதலாளி என் ஃபோட்டோவுக்கு மாலை போட்டுருவாரு."

முதல் நாள் பயிற்சி மண்டபத்துக்குள் நுழைந்ததும் அத்தைக்குத் தன் செருப்பைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. குளிர் அறை. வட்ட மேஜைகள். ஒவ்வொருவர் முன்னாலும் லேப்டாப், கழுத்தில் நாடா, நாடாவின் நுனியில் அவரவர் பெயர். தன் தொழிலில் இவ்வளவு பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஒன்பது வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். யார் புடவையிலும் பால் கறை இல்லை. இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

பயிற்சியாளர் கோட்டு போட்டிருந்தார். வெயில் காலத்தில் கோட்டு போடுகிறவரிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

"உங்க கனவ ஒரே வரியில சொல்லுங்க" என்றார்.

நாற்பது கிளைகள் என்றார் ஒருவர். கண்டம் விட்டுக் கண்டம் போகப்போவதாகச் சொன்னாள் இன்னொருத்தி. குழந்தையின் மூளையை ஆயிரம் நாளில் மலர வைக்கும் ஒரு செயலி என்றார் மூன்றாமவர். கைதட்டல். அத்தையின் முறை வந்தது.

"கீழ்த்தளத்துல ஒரு ரூம்."

"பெருசா யோசிங்க மேடம்."

"ரெண்டு ரூம்."

சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் வாடிக்கையாளரைத் தக்க வைத்துக்கொள்வது பற்றிய பாடம். கோட்டுக்காரர் நேராக அவளிடம் வந்தார். "ஒரு குழந்தை உங்ககிட்ட சேருது. அது போகாம இருக்க என்ன செய்வீங்க?"

"நாலு வயசாச்சுன்னா ஸ்கூலுக்குப் போயிடும் சார்."

"அதத் தடுக்க உங்க திட்டம் என்ன?"

அத்தை நிஜமாகவே யோசித்தாள். "வளராமப் பாத்துக்கணும்" என்றாள். கோட்டுக்காரர் அதைப் பலகையில் 'சவால்கள்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. ஜெராக்ஸ் முதலாளி லீவு தரவில்லை. லாரி எங்கேயோ ஒரு மலைப்பாதையில் இருந்தது. அம்மாக்களில் யாரையாவது ஒரு நாள் நிறுத்தலாம் என்றால், ஒரு நாள் நின்றால் சம்பளமோ வேலையோ நிற்காதவர்கள் அந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. அப்படி இருந்தால் அவர்கள் ஏன் இவளிடம் வருகிறார்கள். இன்னும் இரண்டு கையெழுத்து. அத்தை துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தாள். பதினோரு முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு ஒரு கை வீதம் பிடிக்கச் சொல்லி, நாலு தெரு தள்ளியிருந்த மண்டபத்துக்கு நடத்திக் கூட்டிப்போனாள். பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர் வண்டி நின்று வழிவிட்டது.

மண்டப வாசலில் திட்ட அலுவலர் அம்மாள் பட்டியலோடு நின்றிருந்தார்.

"மேடம், தாள்லயே தெளிவாப் போட்டிருக்கோமே."

"பாத்துக்க ஆளில்ல மேடம். இது குழந்தைங்க காப்பகத்துக்கான கூட்டம்தானே?"

"காப்பகத்தப் பத்திப் பேசறதுக்கான கூட்டம்" என்று அலுவலர் அம்மாள் திருத்தினார். பின்னால் ஜனங்கள் சேர்ந்துவிட்டதால், "டீ நேரம் வரைக்கும் கடைசி வரிசைல உக்காருங்க, சத்தம் வரக் கூடாது" என்று விட்டார்.

அரை மணி நேரம் சத்தம் வரவில்லை. பதினோரு பேரும் குளிர் அறையின் அதிசயத்தில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் கோட்டுக்காரர் திரையைச் சுட்டிக்காட்ட ஒரு விளக்குக் குச்சியை எடுத்தார். திரையில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. கண்டக்டர் மகன் எழுந்து நின்றான். கோட்டுக்காரரின் கை தாழ்ந்தபோது புள்ளி தரையில் இறங்கி ஓடியது. அவ்வளவுதான். பதினோரு பேரும் அதன் பின்னால் ஓடினார்கள்.

ஒரு பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் தீர்ந்தது. மூன்று நாளாகக் குழந்தைகள் காப்பகம் பற்றிப் பேசிய அந்த மேதைக்கு அது தோன்றவில்லை. அவர் பின்வாங்கினார், பின்வாங்கப் பின்வாங்கப் புள்ளி மேஜைகளுக்கு அடியில், நாற்காலிக் கால்களுக்கு நடுவில், யாருடைய சட்டைப் பையிலோ பாய்ந்தது. மண்டபம் முழுவதும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டது. லேப்டாப்புகள் வெள்ளத்தில் மாட்டிய மூட்டைகளைப்போலத் தலைக்கு மேலே போயின. நர்ஸின் மகள் தடுக்கி விழுந்து, நாற்பது கிளைக்காரரின் ஷூவின் மேல் முகம் வைத்து அழுதாள். அவர் அவளை, யாரோ கொண்டுவந்து வைத்த ஈரக் குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒருவர்கூடக் குனியவில்லை. அத்தை அதைக் கவனித்தாள்.

அவள் சத்தம் போடவில்லை. நடு மண்டபத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியை மூன்று தட்டுத் தட்டினாள். புள்ளி தோற்றது. ஒவ்வொருவராக வந்து அவள் மேல் சாய்ந்தார்கள். கயிறு மறுபடி நீண்டது.

வாசலில் அலுவலர் அம்மாள் கையெழுத்து நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு உங்களுக்குக் கையெழுத்து இல்ல. படிவமும் தர முடியாது."

"மத்தியானம் நான் மட்டும் தனியா வந்துடறேன் மேடம்."

"அப்ப இவங்கள யாரு பாத்துக்குவா?"

"அந்தக் கேள்விய எடுத்துக்கிட்டுத்தான் ஊரே என்கிட்ட வருது" என்றாள் அத்தை. அலுவலர் அம்மாளுக்கு அதில் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை.

சாயங்காலம் மகளைத் தூக்க வந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் நின்றபடியே கேட்டாள்.

"நீங்க மூடினா நான் வீட்ல உக்காரணும் அத்தை. அப்புறம் என் சம்பளச் சீட்ட வெச்சு விசிறிக்கவா? எங்க ஆஸ்பத்திரி சொசைட்டில நான் கடன் எடுக்கறேன், மாசாமாசம் நீங்க கட்டுங்க."

"காப்பகத்துக்குன்னு சொன்னா தருவாங்களா?"

"பைத்தியமா? ஃப்ரிட்ஜுக்குன்னு சொல்லுவேன்."

மறுநாள் கண்டக்டரும் தன் சொசைட்டியில் வாஷிங் மெஷினுக்கு எழுதிக் கொடுத்தாள். குழந்தைக்குக் கிடைக்காத கடன் துணிக்கும் காய்கறிக்கும் ஒரே வாரத்தில் கிடைத்தது. முன்பணமும் கழிப்பறையும் கம்பிக்கதவும் அதில் அடங்கின. எண்பத்தாறாவது நாள் அத்தை கீழே இறங்கினாள். நகராட்சி ஆள் வந்து பார்த்து, கம்பிக்கதவை மூன்று தடவை திறந்து மூடி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த இரண்டு பெண்கள் வீட்டுக்கும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பார்க்கவென்று விருந்தாளிகள் வருகிறார்கள். என்ன சொல்லிச் சமாளிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மானியம் அந்த வருடம் ஆறு பேருக்குக் கிடைத்தது. நாற்பது கிளைக்காரர் அதில் முதல் ஆள். அத்தைக்கு அதில்கூட வருத்தமில்லை. பெரிய பெரிய காப்பகம் நடத்துகிறவர்கள், அவர்களுக்கும் செலவு இருக்கும் அல்லவா என்றுதான் நாத்தனாரிடம் சொன்னாள்.

மானியம் கொடுத்த அந்த அலுவலகத்தில் கொஞ்ச நாள் தற்காலிகமாகத் தட்டச்சு வேலை பார்த்த ஒருவர் வெகுநாள் கழித்து ஒன்றைச் சொன்னார். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். 'தற்போது காப்பகத்தில் உள்ள குழந்தைகள் எத்தனை' என்ற கட்டத்தில் நாற்பத்தோரு பேர் பூஜ்யம் என்று நிரப்பியிருந்தார்கள்.