மூடியில் போட்ட இரண்டு ஓட்டைகள்

அந்தப் பழைய பெட்ரோல் வேனை வாங்கிய நாளிலிருந்து என் கணவர் தன்னை இன்ஜினியர் என்றே நினைத்துக்கொண்டார். ஆலையில் அவர் பார்த்த வேலை, சாமான் கிடங்கின் சாவியை வைத்துக்கொண்டிருப்பது. ஓய்வு பெற்றதும் திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்த வண்டியைப் பார்த்தார். வாங்கினார், பெயிண்ட் அடித்தார், பாலீஷ் போட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது ஒருவர் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு மத்தியானம் குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லமாட்டார்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஆவி, அமிலம், அடுப்பு இவற்றோடு என் பாதி ஆயுசு போயிருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாக்கே கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பின்சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேங்க் துருவேறி உதிர்ந்தது. அந்த வண்டிக்கு டேங்க் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தியாகதுருகத்தில் கிரில் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற வெல்டரிடம் சொல்லிப் புதிதாக ஒன்றைச் செய்து எடுத்துவந்தார். பழைய டேங்கின் தலையில் இரண்டு குழாய் முனைகள் இருந்தன. ஒன்று இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் வழி. இன்னொன்றில் விரல் பருமனுக்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டியிருந்தது. அது வண்டியின் பின்மூலையில் கூரைவரை ஏறி, திரும்பி இறங்கி, அடித்தகட்டைத் தாண்டி வெளியே முடிந்தது. பளபளவென்று வந்த புது டேங்கில் அந்த இரண்டாவது முனையைக் காணோம்.

"இன்னாங்க, இந்த டியூப எங்க மாட்டுறது?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுத்துக்கும் ஒதவாது. நாந்தான் வேணாம்னு சொல்ட்டேன்."

"பெட்ரோலு கொறைய கொறைய உள்ள காத்து போவணும். வெயில்ல ஆவி கெளம்புனா வெளிய வரணும். அதுக்குத்தாங்க இந்த டியூபு."

அன்றைக்கு அவருடைய அக்கா புருஷனும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என் கணவர் சொன்னார்: "மாமா, பாட்டில் கழுவுறவ எனக்கு வண்டி கத்துக்குடுக்குறா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் அந்த டியூபை அறுத்துக் குப்பையில் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பயந்து அல்ல. வண்டி நடுரோட்டில் நிற்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

நின்றது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும், இருமும், அணைந்துவிடும். பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாமென்று அவர் டேங்க் மூடியைத் திறப்பார். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும். மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி ஓடும். ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை இப்படி நடந்தது. அந்தச் சத்தத்தையும் அடுத்து வண்டி கிளம்புவதையும் சேர்த்துப் பார்க்க அந்தத் தலைக்குள் இடமில்லை. பம்ப் சரியில்லை என்றார், மாற்றினார். பெட்ரோலில் கலப்படம் என்றார், பங்க் மாற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்து சிரித்துக்கொள்வேன்.

கடைசியில் டீக்கடையில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், மூடியில் ஓட்டை போடு என்று. வீட்டு டிரில்லை எடுத்து மூடியில் இரண்டு ஓட்டைகள் போட்டார். ஒன்று போதாதாம். அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. "பார்த்தியா?" என்றார். ஊரெல்லாம் சொன்னார்.

மூடி இருக்கும் இடம் வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம். அதன் அடித்தகடு எப்போதோ துருவில் போய், நேராகப் பின்சீட்டுக்கு அடியில் திறந்திருந்தது. மறுநாளே வண்டிக்குள் வாசனை வந்தது. எனக்கு உடனே தெரிந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து கிடக்கும், ஒரு பொறி போதும் என்பதும் தெரியும். அப்படியும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவராகவே வந்து என்னிடம் கேட்க வேண்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

கோடை விடுமுறையில் கல்வராயன் மலைக்குப் போகலாமென்று ஏற்பாடு. நடுசீட்டில் என் நாத்தனாரும் அவர் புருஷனும். பின்சீட்டில் அவர்களுடைய மகளும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும். கள்ளக்குறிச்சியில் டேங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். மூன்றாவது வளைவிலேயே வாசனை ஜாஸ்தியானது. ஐந்தாவது வளைவில் சின்னவள் சொன்னாள், "அம்மா, தல சுத்துது."

"மலன்னா அப்படித்தான் இருக்கும். எலுமிச்சம்பழம் மோந்துக்கோ" என்றார் என் கணவர், ஓட்டிக்கொண்டே.

கண்ணாடியில் பார்த்தேன். நாத்தனார் புருஷன் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு வத்திப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நான் சீட்டில் திரும்பி, மண்டி போட்டு, அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பெட்டி ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது.

"வண்டிய நிறுத்துங்க! சாவிய எடுங்க! எல்லாரும் எறங்குங்க!"

"இன்னாடி இது, மாமாவ அடிக்கிற?" என்று கத்தினார் என் கணவர். ஆனால் நிறுத்தினார். நான் பின்கதவைத் திறந்து குழந்தைகளைத் தூக்கி வெளியே விட்டேன். பின்சீட்டுக்கடியில் விரித்திருந்த பாய் சொதசொதவென்று நனைந்திருந்தது. பெரியவளின் பாவாடை ஓரம் ஈரம். மேடு ஏறும்போதும் வளைவில் சாயும்போதும் டேங்கிலிருந்து பெட்ரோல் அந்த இரண்டு ஓட்டைகள் வழியாகத் தளும்பி உள்ளே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

"பெட்ரோலு வண்டின்னா கொஞ்சம் வாசன வரத்தான் செய்யும்" என்றார் என் கணவர்.

நாத்தனார் தன் புருஷன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்தாலும் பொம்பளைக்கு இவ்ளோ கோவம் ஆவாதும்மா" என்றார். பாயைப் பிழிந்தால் சொட்டும். அதைப் பார்த்தபிறகும் அந்த அம்மாளுக்குப் பட்டது என் கோபம்தான். அடி வாங்கியவரோ தொலைந்த வத்திப்பெட்டியைச் சரிவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய மகள் மட்டும் என்னிடம் வந்தாள். சின்னவள் அப்போதுதான் வாந்தி எடுத்து முடித்திருந்தாள்.

"அத்த, இது இப்படி ஆவும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

"எத்தினி நாளா?"

"மூணு வாரமா."

அவள் திட்டவில்லை. பெரியவளின் பாவாடையைக் கழற்றி, வேறு துணி மாற்றி, இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, கீழே போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். அந்தச் சாலையோரத்தில் நின்றபோது என் கணவரைவிட என்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு வந்தது. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு முட்டாளை நாலு பேர் முன்னால் முட்டாளாக்கிப் பார்க்கிற ஆசையில் இரண்டு குழந்தைகளை அந்த டேங்க்மேல் உட்காரவைத்திருந்தேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து கள்ளக்குறிச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெட்ரோலை எல்லாம் வடித்து டேங்கைக் கழற்றியதும் என் கணவர் தொடங்கினார்: "காலியாத்தான கீது? இப்பவே ஒரு முனைய வச்சி வெல்டு அடிச்சிடுங்க."

"காலி டேங்குதான் சார் ஆபத்து. பெட்ரோலு போயிடுச்சி, ஆவி போவல. நீங்க அந்தாண்ட போய் உக்காருங்க" என்றார் மெக்கானிக்.

டேங்கைச் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, நாலு நாள் திறந்து காயப்போட்டார். பிறகும் நம்பாமல், முனை வைக்கிற இடம்வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் பற்றவைத்தார். பெட்ரோல் தாங்கும் டியூப் வாங்கி, பின்மூலையில் கூரைவரை ஏற்றித் திருப்பி இறக்கினார். வண்டி கவிழ்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு சின்ன வால்வை நடுவில் வைத்தார். சைலன்சர் ஒரு பக்கம் போக, டியூபின் முனையை மறுபக்கம் வண்டிக்கு வெளியே முடித்து, குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடாமல் கம்பி வலை போட்டார். மூடிப் பள்ளத்தின் துருவேறிய அடியில் புதுத் தகடு வைத்து அடைத்தார். ஓட்டை இல்லாத மூடி மாட்டினார். நான் விடுப்புப் போட்டுக் கூடவே நின்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். என் கணவர் அந்தாண்டை உட்கார்ந்து போனில் வண்டிப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போது வாசனை இல்லை, வண்டி நிற்பதும் இல்லை. நாத்தனார் மகள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், காபி குடிக்கிறாள். குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது மட்டும் நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என் கணவர் விளக்கிக்கொண்டிருந்தார்: "டேங்குக்கு மூச்சு வுட ஒரு டியூபு வேணும். நாந்தான் சொல்லி வச்சேன். நேரா கீழ எறக்கி வுட்ரணும்."

"நேரா எறக்கக் கூடாதுங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "கூர வரைக்கும் ஏத்தித்தான் எறக்கணும். நேரா வுட்டா மேடு ஏறும்போது பெட்ரோலு ஊத்தும்."

"அதத்தான நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தலையாட்டினார். அவரிடமும் ஒரு பழைய வண்டி இருக்கிறதாம். அதற்கு என்ன பருமனில் டியூப் போடலாம் என்று என் கணவரிடமே கேட்டார்.