இத்துனூண்டு கேமராவில் கல்யாணமா?

கல்யாண போட்டோகிராஃபர் என்பவர் எல்லாருக்கும் முன்னால் மண்டபத்துக்கு வந்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பந்தியில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டுக்கொள்கிறவர். படிக்கிறவர்களில் கேமராக்காரர்கள் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். ஆட்டும்போது கழுத்தில் சுருக்கென்று வலித்திருந்தால், இது உங்களுக்காகவே எழுதியது.

என் பெயர் ஸ்டெல்லா. பாலக்கரையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். திருச்சி, ஸ்ரீரங்கம், சுத்துப்பட்டு ஊர்கள் என்று கல்யாணம் எடுக்கப் போவேன். வீடியோவுக்கு ரஃபீக் வருவார். என்னைவிட வயதில் சின்னவர், வாயில் ரொம்பப் பெரியவர். பல வருஷம் என் கழுத்தில் ஒரு பெரிய டி.எஸ்.எல்.ஆர். தொங்கியது. அதை இறக்கிவிட்டு ஒரு குட்டி மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எதை இறக்குவது?

மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணம். கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கிவிட்டார். என் கைதான் எழும்பவில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போய், அது என் கையே இல்லை என்பது மாதிரி கிடக்கிறது. இடது கையால் கேமராவை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, எப்படியோ அமுக்கிவிட்டேன். படம் விழுந்துவிட்டது. மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தாலியை இன்னொரு தடவை கட்டுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாளே தில்லைநகரில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கழுத்து நரம்பு நசுங்குகிறது, இப்படியே போனால் அந்தக் கையால் வேலை செய்ய முடியாது என்றார். அப்படி என்னதான் தூக்குகிறீர்கள் என்று கேட்டதும் பையைத் திறந்து காட்டினேன். மனுஷர் கேமராவை ஒரு கையால் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார். சட்டென்று மேஜையில் வைத்துவிட்டார். கல்யாணத்தை விட்டால் எனக்கு மிச்சம் பாஸ்போர்ட் போட்டோதான். தாடையைத் தூக்குங்கள், தாடையை இறக்குங்கள் என்று சொல்லியே ஆயுசைக் கழிக்க வேண்டும். எனக்குக் கல்யாண வீடு வேண்டும் சாமி. ஜடை பின்னும்போது அடித்துக்கொள்ளும் அக்கா தங்கைகள் வேண்டும், பந்தியில் கோபித்துக்கொண்டு எழும் சித்தப்பாக்கள் வேண்டும். இதையெல்லாம் டாக்டரிடம் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஒண்ணு இந்தக் கேமராவை இறக்குங்க, இல்ல தொழிலை இறக்குங்க. ரெண்டையும் தூக்க உங்க கழுத்துல இடமில்ல.”

கடைக்குப் போன கதை

கேமரா கடையில் விற்கிற தம்பி நன்றாகவே விளக்கினார். பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி ஏறி இறங்குமே, அது இதில் கிடையாது, அதனால்தான் உடம்பு இவ்வளவு ஒல்லி என்றார். முதலில் சட்டைப் பையில் போடுகிற மாதிரி ஒன்றைக் கொடுத்தார். ஆகா, பூ மாதிரி இருக்கிறதே என்று வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நம்ம ஊர் வெயிலைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கண்ணை வைத்துப் பார்க்க அதில் வழியே இல்லை, பின்னால் இருக்கிற திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. காவிரிக்கரையில் பகல் வெளிச்சத்தில் இதை வைத்துக்கொண்டு நான் யாரைப் படமெடுப்பது?

கடைசியில், கண் வைத்துப் பார்க்கிற வசதியும், இரண்டு மெமரி கார்டு போட இடமும், திரையைச் சாய்த்துப் பார்க்கிற வசதியும் உள்ள ஒரு குட்டியைப் பிடித்தேன். கையில் அடக்கமாக உட்கார்ந்தது. அப்போதுதான் அந்தத் தம்பி, ஒரு வளையம் மாட்டினால் உங்கள் பழைய லென்ஸையே இதில் போடலாம் என்று ஆசை காட்டினார். எனக்கும் ஆசைதான். அந்த லென்ஸ் என் செல்லம். மாட்டிப் பார்த்தால் கேமரா முன்பக்கமாகக் குப்புற விழப் பார்க்கிறது, கழுத்தில் பழையபடி அதே இழுப்பு. புதிதாகச் சின்ன லென்ஸாகவே வாங்கிவிடலாமா, வேண்டாமா என்று நான் அரை மனதாக நின்றேன். கூட வந்திருந்த ரஃபீக்குக்குப் பொறுமை போய்விட்டது.

“பாரம் வேணாம்னுதான வீட்டையே மாத்துறீங்க. அங்கயும் பழைய அம்மிக்கல்லைத் தூக்கிட்டுப் போனா எப்படிக்கா?”

முதல் அடி

புதுச் சின்ன லென்ஸோடு கேமரா கைக்கு லேசாக இருந்தது, வாடிக்கையாளர் மனசுக்குத்தான் பாரமாக இருந்தது. மன்னார்புரத்தில் ஒரு வளைகாப்பு. வாசலிலேயே பெண்ணின் மாமியார் என் கழுத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். வளையல் அடுக்குகிற வரைக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. நான் எடுக்க எடுக்க, இது ஒத்திகை என்று நினைத்திருக்கிறார். எல்லாம் முடிந்து நான் பையை மூடியபோது பக்கத்தில் வந்து நின்றார். காபி கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“சரிம்மா, பெரிய கேமரா எப்ப வரும்?”

மூச்சைப் பிடித்தவர்கள்

ஜீயபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வீட்டை ஒட்டியே வாழைத்தோப்பு, அருமையான வெளிச்சம். பெரியப்பாவிலிருந்து கைக்குழந்தை வரைக்கும் மொத்தக் குடும்பத்தையும் வாழைகளுக்கு முன்னால் நிறுத்தினேன். இந்தக் கேமராவில் சத்தமே வராமல் எடுக்கிற வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு எடுத்துத் தள்ளினேன். ஒருத்தரும் அசையவில்லை. சிரித்த சிரிப்பு அப்படியே இருக்கிறது. அட, இவ்வளவு ஒழுங்கான குடும்பத்தை நான் பார்த்ததே இல்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பார்த்தால் பெரியப்பாவுக்கு முகம் சிவந்து போய், கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நம்ம ஜனங்களுக்கு ‘டக்’ என்ற சத்தம் கேட்டால்தான் போட்டோ முடிந்தது என்று அர்த்தம். அது கேட்கிற வரைக்கும் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் இன்னும் முதல் படத்துக்கே நின்றுகொண்டிருக்கிறார்கள். எல்லாம் எடுத்தாச்சுங்க என்று சொன்னேன். மொத்தக் குடும்பமும் ‘உஸ்’ என்று இறங்கியது. பெரியப்பா வேட்டியைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்:

“சத்தம் வராதுன்னா நீயாவது வாயால ‘டக்’குன்னு சொல்லும்மா. மனுசன் மூச்சு விட வேணாமா?”

அன்றிலிருந்து குரூப் போட்டோவுக்கு மட்டும் சத்தத்தைப் போட்டுவிடுகிறேன். மறந்துபோனால் வாயால் சொல்லிவிடுகிறேன். ரஃபீக்கின் வீடியோவில் எல்லாம் என் ‘டக்’ பதிவாகியிருக்கிறது.

ஃபாதருக்கு வந்த சந்தேகம்

எங்கள் பக்கத்து மாதா கோவிலில் ஒரு ஃபாதர். பூசை நேரத்தில் கேமரா சத்தம் கேட்டால் அவருக்கு ஆகாது. நடுப் பிரசங்கத்தில் நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். அவர் பார்க்கிறாரே என்று கோவிலே திரும்பிப் பார்க்கும். சொந்தக்காரர்கள் முன்னால் அந்த அவமானத்தை நான் அனுபவித்திருக்கிறேன், அதனால் அவர் பூசை வைக்கிற கல்யாணம் என்றாலே கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

குட்டிக் கேமராவோடு போன முதல் கல்யாணத்தில் தூணோரமாக நின்று, பீடம், மோதிரம், வாக்குறுதி எல்லாவற்றையும் ஓசைப்படாமல் எடுத்தேன். அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சமயத்தில் தலைகுனிந்தார்கள். அதுவும் கிடைத்தது. பழைய கேமராவில் அந்த நேரத்தில் விரலை வைக்கவே எனக்குத் தைரியம் வந்திருக்காது. மனசு குளிர்ந்துபோய் வெளியே வந்தேன். வாசலில் ஃபாதர் நின்றிருந்தார். முகத்தில் உண்மையான கவலை.

“என்ன ஸ்டெல்லா, பாவம், கல்யாணத்தன்னைக்குப் பார்த்து கேமரா ரிப்பேராயிடுச்சா?”

மாப்பிள்ளைக்குப் போட்ட பட்டை

இப்படிக் கொஞ்சம் நிமிர்ந்தபோதுதான் ஸ்ரீரங்கத்துக் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா வரதன், பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். பேச்சில் தேன், கண்டிப்பில் கறார். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் எனக்கு வேலை வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் அதே வேகத்தில் பரவும். குட்டிக் கேமராவோடு கல்யாணம் எடுக்க முடியுமா, இல்லை பாஸ்போர்ட் போட்டோதானா என்பது இந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. என் கையில் இருந்ததைப் பார்த்ததுமே வரதன் சார் முகம் சுருங்கிவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார். உங்களை அமர்த்தும்போது பெரிய கேமரா வைத்திருந்தீர்களே, சம்பந்தி வீட்டார் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள், நாளைக்கு அதையே எடுத்து வந்துவிடுங்கள் என்றார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதற்றத்தில் ஒரு தப்புப் பண்ணினேன். சத்தமில்லாமல் எடுக்கிற வசதியில் ஒரு வில்லங்கம் உண்டு. சில எல்.இ.டி. விளக்குக்குக் கீழே எடுத்தால் படத்தில் குறுக்கே கோடு கோடாக விழும். அந்த மண்டபம் முழுக்க அந்த விளக்குதான், நானோ அந்த வசதியை நிறுத்த மறந்துவிட்டேன். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிற குறும்புக்காரப் பிள்ளை. படத்தைக் காட்டுங்களேன் என்று எட்டிப் பார்த்தார். நெற்றியில் நெடுக்கே அழகான திருமண், அதற்கு மேல் குறுக்கே மூன்று வரி. உடனே மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன், நல்லவேளை அவர் முகம் கோணாமல் நின்றார். போகும்போது குனிந்து என் காதில் சொன்னார்:

“மேடம், திருமண்ணுக்கு மேல பட்டையும் போட்டுட்டேளே. என் மாமனார் பார்க்கறதுக்குள்ள அழிச்சுடுங்கோ.”

வரதன் சார் சொன்னது

காலையில் பெரிய கேமராவோடு போனேன். கழுத்தில் மாட்ட முடியாது, டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. ரஃபீக்தான் தூக்கி வந்து மணவறைக்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்தினார். மண்டபம் மொத்தமும் தெரிகிற மாதிரி அது ஒரு பக்கம் இருந்த இடத்திலேயே டைமரில் தானாக எடுத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். வரதன் சாருக்கும் திருப்தி.

குட்டி என் கையில். மாலை மாற்றும்போது மாமன்மார்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தோளில் தூக்கி ஆட்டினார்கள், ஒரே தள்ளுமுள்ளு. கேமராவை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கி, திரையைச் சாய்த்து வைத்துக்கொண்டு எடுத்தேன். கை வலிக்கவில்லை. ஊஞ்சல் ஆச்சு, பாட்டு ஆச்சு. அப்புறம் மாங்கல்ய நேரம். அவர்கள் வழக்கப்படி பெண் அப்பா மடியில் உட்கார்ந்தாள். அந்த மண்டபத்தில் மணவறைக்கு மேலே கூரை திறந்திருக்கும், காலை வெளிச்சம் நேராக இறங்கியது, கோடு விழும் பயமில்லை. நான் ஓசையில்லாமல் பக்கத்தில் போய்த் தரையோடு உட்கார்ந்துவிட்டேன். வரதன் சார் என்னைக் கவனிக்கவே இல்லை. மகளின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, அந்தக் கறாரான மனுஷர் குலுங்கி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணோடுதான் எடுத்தேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எதில் எடுத்தது என்று கேட்டார். பயந்துகொண்டே கையில் இருந்ததைக் காட்டினேன். ஸ்டாண்டில் நிற்கிற பெரியதைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார், மெதுவாகச் சிரிப்பு வந்தது.

“பெரிய பெருமாள் உள்ளேயே சயனிச்சிண்டு இருக்கார். வீதிக்கு எழுந்தருளி எல்லாரையும் கிட்டக்க பார்க்கறது உற்சவர் நம்பெருமாள்தானே. எங்க சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கும் நீங்க அவரையே எழுந்தருளப் பண்ணிண்டு வந்துடுங்கோ.”

ஆக, கையும் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது. இனி யாராவது கேமராவைப் பார்த்து ‘இத்துனூண்டா’ என்று கேட்டால், அதைப் பிடித்திருக்கிறவள் நாலே முக்கால் அடிதான் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்கச் சொல்வதாக இருக்கிறேன்.