கேட்காமல் விட்டிருக்க வேண்டிய மன்னிப்பு

எங்கள் கோயிலில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் தபசு காலத்து ஒப்பாரியை இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுவது வழக்கம். ஒருத்தி தேவமாதா அழுவதுபோல ஓர் அடி பாட, மற்றவள் அதை ஏற்று அடுத்த அடியைப் பாடுவாள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள், ஊர்காவற்றுறைத் தீவுக் கடற்கரையோரம் இருந்த எங்கள் சிறிய கோயில் பங்கில் முதல் அடி பாடியவள் நான். ஏற்றுப் பாடியவர் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அக்கா.

அவருடைய கணவர் பிரான்சுக்குப் போயிருந்தார். தொடக்கத்தில் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அக்கா அதைப்பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் மகனின் உடலைத் தாய் மடியில் வாங்கும் இடத்தைப் பாடும்போது மட்டும் அவருடைய கண்ணிலிருந்து நீர் வழியும். துடைக்க மாட்டார். குரலும் உடையாது. அவர் பாடினால்தான் பெரிய வெள்ளி என்று சனம் சொல்லும்.

ஒரு தபசு காலத்தில் கிணற்றடியில் நாலைந்து பெண்கள் அவருடைய பக்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"அவ எங்க யேசுவுக்கு அழுறா? பிரான்சில இருக்கிறவருக்கெல்லோ அழுறா" என்றேன்.

எல்லோரும் வாளியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"உன்ர வாய்க்கு நரகத்தில தனி அறை கிடக்குதடி" என்றாள் ஒருத்தி.

"அங்கயும் இவள்தான் முதல் அடி பாடுவாள்" என்றாள் இன்னொருத்தி.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. நான் அப்படியான பிறவி. பூட்டிய கதவைப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். குசினி நெருப்பை அணைத்தேனா என்று பூசை நடுவில் வியர்க்கும். அந்த ஒரு சொல் என்னை ஒரு வருடம் அரித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். மூன்றாம் முறை சுவாமியாருக்கே அலுத்துவிட்டது. "அது முடிஞ்ச கதை பிள்ளை, போய் நிம்மதியா இரும்" என்றார். அது எனக்குத் தெரியாத கலை.

அடுத்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று சுவாமியார் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பங்கு முழுவதும் ஒரே உடம்பு, ஒருவரில் ஒருவர் அன்பாயிருக்காமல் நற்கருணை நன்மை எடுக்க வரக்கூடாது என்றார். "உங்களோட ஆருக்கும் மனத்தாங்கல் இருந்தால், முதல் அவையிட்டைப் போங்கோ." நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சுவாமியார் சொன்னால் சொன்னபடி செய்கிறவள். எனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய புதன் பின்னேரம் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"வாரும், வாரும். தேத்தண்ணி வைக்கட்டோ?"

நான் இருக்கவில்லை. நின்றபடியே, கிணற்றடியில் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தேன். துருவலை நின்றது.

"எப்ப சொன்னனீர்?"

"போன வருசம், அக்கா."

"ஆரார் நிண்டவை?"

சொன்னேன். அதையும் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"சிரிச்சவையோ?"

"ஓம்."

அவர் துருவிய தேங்காய்ப்பூவைக் கையால் ஒதுக்கினார். "எல்லாரும் என்னோட நல்லாத்தானே கதைக்கினம். எனக்கு இது தெரியாதே பிள்ளை. இப்ப என்னத்துக்கு வந்து சொல்லுறீர்?"

"மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"அப்ப உம்மட பாரம் குறைஞ்சிட்டுதோ?"

அவர் அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்தார்.

"மன்னிச்சிட்டன். போட்டு வாரும்" என்றார். குரல் கோபமாக இல்லை. தேநீர்ப் பேச்சு மட்டும் அத்தோடு போய்விட்டது.

ஒழுங்கை முடிவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. மனத்தாங்கல் இருந்தால் போகச் சொன்னார் சுவாமியார். அக்காவுக்கு மனத்தாங்கலே இருக்கவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அழுவதற்கென்று இருந்தது அந்த ஓர் இடம். இனி அங்கே கண் கலங்கினால் பின்னால் நிற்கிறவர்கள் எதை நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் அவர் கிணற்றடிக்கு வரவில்லை. பாதம் கழுவும் பூசைக்கும் வரவில்லை. பெரிய வெள்ளிக்கும் வராவிட்டால் ஒப்பாரி நின்றுபோகும், ஏன் என்று கேட்பார்கள், கதை வெளிவரும், அவர் பக்கம் கொஞ்சப் பேர், எங்கள் பக்கம் கொஞ்சப் பேர் என்று பங்கே இரண்டுபடும். நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருசந்தி உபவாச நாட்கள் என்பதால் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கடற்படைக்குப் பயந்து அந்த வருடங்களில் ஒப்பாரியைப் பின்னேரமே பாடி முடிப்போம். பெரிய வெள்ளியன்று நான் பாடும் இடத்தில் தனியே நின்றேன். தொடங்கப் போகும் நேரம் அக்கா வெள்ளைச் சேலையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "தொடங்கும்" என்றார்.

நான் பாட, அவர் ஏற்றார். வழக்கத்திலும் நன்றாகவே பாடினார். மடியில் வாங்கும் இடம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கண் காய்ந்திருந்தது. பல்லைக் கடித்து அடக்குகிற முகம்கூட இல்லை. உலை வைக்கிறவர் முகம்போல இருந்தது. எனக்குத்தான் அடுத்த அடி வரவில்லை. அப்போது என் அடியை அவர் பாடினார். பிறகு தன் அடியையும் பாடினார். அந்தப் பகுதி முடியும்வரை இரண்டையும் அவரே பாடினார். என் பக்திதான் தொண்டையை அடைத்தது என்று சனம் நினைத்தது.

வெளியே வந்தபோது கோயில் மூப்பர் எங்களை மறித்தார். "இண்டைக்கு ரெண்டு பேரும் ஒரே குரலாப் பாடினியள். பங்கெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்."

"ரெண்டு பேர் எங்க, மூப்பர்? ஒராள்தானே பாடினது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கிணற்றடிப் பெண்களும் நின்றார்கள். அவர்களோடும் அக்கா ஒன்றும் நடக்காததுபோலக் கதைத்தார்.

வழக்கம்போல இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம்.

"அக்கா" என்று தொடங்கினேன்.

"இன்னொருக்கா மன்னிப்புக் கேளாதையும். எனக்கு ஏலாது" என்றார். கொஞ்சத் தூரம் போய், "தொண்டை கட்டப்போகுது. மல்லித்தண்ணி அவிச்சுக் குடியும்" என்றார்.

சண்டைக்குப் பயந்து தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிடும் காலம்வரை நாங்கள் சேர்ந்தே பாடினோம். பங்கு இரண்டுபடவில்லை. கிணற்றடியில் நடந்தது கோயில் படியேறவில்லை. அதை ஏறவிடாமல் வைத்திருந்தவர் அக்கா. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் மடியில் வாங்கும் அந்த அடி வரும்போது, சிலுவையைப் பார்க்க வேண்டிய நான் அவர் முகத்தைப் பார்த்து, ஒரு சொட்டாவது வரட்டும் என்று மன்றாடிக்கொண்டு நின்றேன்.