மரைன் ஹில் சமையற்கட்டில் மாசி

நேஹா கரண்டியைக் கீழே வைத்தாள். உதடு வீங்கியிருந்தது. "ஆண்டி, கலா பந்த் ஹோ ரஹா ஹை", தொண்டை அடைக்கிறது என்று இந்தியில் சொல்லிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பை எடுக்கச் சொல்லி நான் போட்ட கூச்சல் மரைன் ஹில் முழுக்கக் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நடந்தது இது. நான் போர்ட் பிளேரில், அந்த மரைன் ஹில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையற்கட்டுப் பொறுப்பில் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று, புரோத்ராபூரில் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். ஓட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் வந்து, "ஆண்டி, ஏதாவது சொல்லுங்க" என்கிறார்கள். சொல்கிறேன்.

1. ஏசியன் ஹோம் ஃபுட்

அந்தச் சமயம் போர்ட் பிளேரில் மீனுக்கு மரியாதை போயிருந்தது. கடலில் பிணம் மிதந்ததாம், அந்த மீனை எப்படித் தின்பது என்றார்கள். இதே வாய்கள் சில மாதம் கழித்து இறால் வறுவல் கேட்டு மேசையைத் தட்டின. அது கிடக்கட்டும்.

எங்கள் மேனேஜர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். எதற்கும் இங்கிலீஷில் ஒரு பேர் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நிவாரண வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ருக்மணிம்மா, இனிமே நம்ம கான்செப்ட் ஏசியன் ஹோம் ஃபுட். ஈஸியா இருக்கணும். சீஃபுட் கூடவே கூடாது."

"இத்தனை நாள் நாங்க என்ன ஆப்பிரிக்காவுலயா சார் சமைச்சோம்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தது என்னவோ எங்கள் வீடுகளில் செய்கிறதுதான். முட்டையும் கோஸும் போட்டு வதக்கிய சாதம். இஞ்சி பூண்டு தட்டிப்போட்டு, சோயா சாஸ் ஊற்றிய கோழி. கொல்லையில் வளர்ந்த எலுமிச்சைப்புல்லை நசுக்கிப்போட்ட தேங்காய்ப்பால் குழம்பு. பரங்கிக்காய்ப் பிரட்டல். கப்பல் வராத வாரத்தில் காய் கிடைக்காது, பரங்கிக்காய் மட்டும் புரோத்ராபூரிலிருந்து வந்துவிடும். அதையே "பம்ப்கின் ஏசியன் ஸ்டைல்" என்று மேனேஜர் போர்டில் எழுதினார். பரங்கிக்காய்க்கு வெட்கமாக இருந்திருக்கும்.

2. நேஹாவும் ராமையாவும்

நேஹா டெல்லிப் பெண். தண்ணீர்க் குழாய் என்ஜினியர். வந்த அன்றே சமையற்கட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டாள். மீன், இறால், நண்டு எதுவும் ஒரு துளி கூட ஆகாது, தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று. நான் உடனே ஆய்ஸ்டர் சாஸ் பாட்டிலைத் தூக்கி வெளியே வைத்தேன்.

"சாஸ்ல எங்கம்மா சிப்பி இருக்கு? கருப்புத் தண்ணி அது" என்று மேனேஜர் முணுமுணுத்தார். பணம் கொடுத்து வாங்கியவர் அவர்.

என் அடுப்பில் நின்றவன் ராமையா. சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவன். கடல் வந்து வீட்டை எடுத்துப்போன பிறகு, தகரக் கொட்டகை முகாமிலிருந்து என்னிடம் வந்தான். கைமணம் உள்ளவன். நேஹாவுக்கு அவன் சமையல் பிடித்துப்போய், இந்தியில் அண்ணன் முறை வைத்து, "ராமையா பையா, உங்க வீட்டுச் சட்னி ஒன்று செய்யுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். அவன் தேயிலைத் தோட்டத்தில் செய்கிற மாதிரி தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தான். மறுநாள் ஃபீனிக்ஸ் பேயில் கப்பலேறி ஹட் பே போகிறவளுக்கு ஒரு பாட்டிலும் கட்டி வைத்தான்.

அந்தச் சம்பலில் இரண்டு வாய் தின்றதும்தான் அவள் கரண்டியை வைத்தது.

3. விசாரணை

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"எங்க மெனுல சீஃபுட்டே கிடையாது டாக்டர். வெயில்ல அலைஞ்சது ஒத்துக்கல போல."

வெயிலில் உதடு வீங்கும் என்று அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். போர்டில் தான் எழுதியதைத் தானே நம்புகிற மனிதரிடம் என்ன பேசுவது? நேஹாவும் அதை நம்பினாள். அந்தப் பாட்டில், ஜீப்பில் கூடவே வந்த அவள் பையில் இருந்தது. கப்பலில் ஊசி போட யார் இருக்கிறார்கள்?

திரும்பி வந்ததும் மேனேஜர் சமையற்கட்டில் நின்று கத்தினார். "ராமையா, மீன் போட்டியா?"

"சத்தியமா இல்லீங்க. செத்துப்போன எங்காத்தா மேல ஆணையா மீன் போடல."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை.

"சத்தியமெல்லாம் வேணாம்டா" என்றேன். "சம்பலுக்கு எடுத்த சாமானைப் பூரா எடுத்து மேசையில வை."

வைத்தான். தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை, உப்பு. கடைசியில் காகிதத்தில் மடித்த, விறகுச் சிராய் போலக் கறுத்துக் காய்ந்த ஒரு துண்டு.

"இது என்ன?"

"மாசி, அக்கா. மினிக்காய்த் தீவுக் கப்பல்காரரு ஒருத்தரு குடுத்தாரு."

"மாசி எதுல செய்யுறது?"

"சூரை மீனை அவிச்சுக் காய வச்சு..." என்று ஆரம்பித்தவன் நின்றான். "ஆனா அது மீனில்லையேக்கா. சம்பலுக்குப் போடுற சாமான் தானே? எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல மீன் தின்னாத விரதத்துக்குக்கூட..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேனேஜர், "ஆளை இன்னிக்கே அனுப்பிடுங்க. மேடம்கிட்ட வாயே திறக்காதீங்க, கெஸ்ட் ஹவுஸ் பேர் கெட்டுரும்" என்றார். பேர்! அவளுடைய உயிரைவிட இவருக்குப் போர்டு பெரிது. அனுப்பினால் ராமையாவுக்குத் தகரக் கொட்டகைதான் கதி. அதைப் பற்றி அவருக்கு என்ன?

நான் ராமையாவையும் மாசித் துண்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனே துண்டை நீட்டி, போட்டது நான்தான், இது மீன், எனக்குத் தெரியாமல் போனது என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான்: "மேடம், மைனே டாலா. யே மச்லி ஹை. முஜே மாலூம் நஹி தா."

நேஹா கோபப்பட்டாள். படவேண்டியதுதான். பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். நாங்கள் கிளம்பும்போது என்னிடம் கேட்டாள், "இவரை வேலையை விட்டு எடுப்பார்களா?"

"எடுப்பாங்க" என்றேன்.

4. மறுநாள்

கப்பலுக்கு முன் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தாள். மேனேஜர் ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வைத்திருந்தார். அதைத் தள்ளிவிட்டு, "ராமையா பையா சமைத்தால் சாப்பிடுவேன்" என்றாள். மேனேஜருக்கு இட்லி மாதிரியே முகம் வெளுத்தது. ராமையாவை அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது.

ராமையா அம்மியைப் புளி போட்டுத் தேய்த்தான். ஒவ்வொரு சாமானையும் என்னிடம் காட்டிக் காட்டி எடுத்தான். மாசி இல்லாத சம்பலை நாக்கில் வைத்துப் பார்த்து, "இதை மனுசன் தின்பானாக்கா?" என்று முகம் சுளித்தான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மீன் இருக்கிறதா என்று சமையல்காரனைக் கேட்காதீர்கள். அவனவனுக்கு மீன் என்பது வேறு வேறு. கை தொட்டதையெல்லாம் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். போர்டில் எழுதியதை எழுதினவரே தின்னட்டும்.

நேஹா சாதத்தில் அந்தச் சம்பலைப் பிசைந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கை கழுவுகிற வரைக்கும் ராமையா கதவோரம் நின்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.